வடமதுரை தாண்டாத வண்டி

புதிதாக ஸ்பேனர் பிடித்திருக்கும் தம்பிகளே, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கும் இரண்டு தங்கச்சிகளே, கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. அதில் பேசுகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள், கையில் ஒரு சொட்டு கிரீஸ்கூட ஒட்டுவதில்லை. எப்படித்தான் செய்கிறார்களோ! நான் திண்டுக்கல் திருச்சி ரோட்டில் முப்பத்து நான்கு வருஷம் பட்டறை வைத்திருந்தவன். முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்று ஆனபிறகு கடையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் உங்களுக்கும் தானாகத் தெரிந்துவிடும். நான் பண்ணிய மடத்தனத்தை மட்டும் நானே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

மடத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசை ஊற்ற மறந்து, மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். பிரேக் கட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு வண்டிக்காரரிடமே சண்டை போட்டிருக்கிறேன். அதெல்லாம் அன்றைக்கே சிரித்து முடிந்த கதை. இந்த ஒன்று மட்டும் முடியவில்லை.

கடையை விடுவதற்கு முந்தின வருஷம் ஜெயராணி டாக்டர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மாட்டு டாக்டர். வீடு ஊருக்குள்ளேதான், வேலை வடமதுரையைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில். அங்கிருந்து ஏழெட்டு ஊர் சுற்ற வேண்டும். பாதி வழியில் ரோடே கிடையாது. கல்லும் ஓடையும் செம்மண்ணும்தான். ஸ்கூட்டரில் போய் இரண்டு முறை விழுந்து எழுந்த பிறகு, யாரிடமோ பதினான்கு வருஷப் பழைய அட்வெஞ்சர் பைக் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த வண்டி. உயரம் என் நெஞ்சு வரை, எடையோ ஒரு கன்றுக்குட்டி எடைக்குமேல். டாக்டரம்மா ஐந்தடி இருப்பார். சீட்டில் உட்கார்ந்தால் கால் இரண்டும் காற்றில் தொங்கியது.

"அண்ணே, இத எனக்கு ஏத்தமாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

"டாக்டரம்மா, உங்கள வண்டிக்கு ஏத்தமாதிரி பண்றது ஈசி" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வண்டியை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல காலம். ஸ்பேர் எங்கும் கிடைக்காது. அதனால் என்ன, நமக்குக் கை இருக்கிறது! சீட்டின் பஞ்சை இரண்டு விரற்கடை அறுத்து எடுத்தேன். பின்பக்கத்து ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தணித்தேன். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கு, விந்தைக் குளிரில் வைத்திருக்கும் நைட்ரஜன் ஜாடி ஒன்று கொண்டுபோவார்கள். பால்கேன் மாதிரி இருக்கும், சாயவே கூடாது. அதற்காக வண்டியின் பின்னால் ஒரு கூண்டு அடித்து, லாரி டியூபை வெட்டி மெத்தை போட்டேன். டேங்க் துருப்பிடித்து அடியில் சல்லடையாகியிருந்தது. டிங்கர் கடையில் தகடு வளைத்து, பழசைவிடப் பெரிதாகப் புது டேங்க் கட்டினோம். அதற்கு மூடியும் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். வண்டியைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியும் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. காலையில் என் வீட்டுக்காரி லட்சுமி சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்துவிடுவாள். ஹெட்லைட்டில் ஒன்று, முன்னும் பின்னும் மட்கார்டில் ஒவ்வொன்று, கடைசியாக டேங்க் மூடிக்கு நட்டநடுவே ஒன்று. அதன்மேல் குங்குமம். டாக்டரம்மா சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம் என்பதால் கேட்டுக்கொண்டேன்.

"வைக்கலாமா, டாக்டரம்மா?"

"வைங்கண்ணே. நல்லது நெனச்சு வைக்கிறதுதானே" என்றார்.

மறுநாளே போன் வந்தது. "அண்ணே, வடமதுரை வரைக்கும் ராசாவாட்டம் போச்சு. அதுக்கப்பறம் இருமி இருமி நின்னுருச்சு. செத்த நேரம் நிப்பாட்டி வச்சேன், தானா ஸ்டார்ட் ஆயிருச்சு."

கொண்டுவரச் சொன்னேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். பக்கத்திலிருக்கும் தாடிக்கொம்பு வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன், அப்பழுக்கில்லை. பொட்டு வைத்து அனுப்பினேன். நான்காவது நாள் மறுபடி அதே இடத்தில் நின்றது. பிளக் மாற்றினேன். நின்றது. இக்னிஷன் காயிலை மாற்றினேன், பெட்ரோல் குழாயை மாற்றினேன், ஒயரிங் முழுவதையும் பிரித்துச் சுற்றினேன். நடுவில் மூன்று வாரம் நன்றாக ஓடும். அப்பாடா என்று நினைத்து, எதற்கும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று நானே கூப்பிட்டு செக் பண்ணி அனுப்புவேன். மறுநாள் வடமதுரையில் நிற்கும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்தார். மாட்டுக்கு வாய் கிடையாது, அதனால் வைத்தியம் பார்க்கிறவர்களுக்குக் கண் கூர்மை. "அண்ணே, ஒண்ணு கவனிச்சேன். மழையில நனைஞ்சு போறப்ப இது நின்னதே இல்ல. டேங்க் நெறைய பெட்ரோல் போட்டிருந்தா இன்னும் சீக்கிரமா நிக்குது."

நான் இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை. முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். மழையில் நிற்கவில்லை, வெயிலில் நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? சூடு! எஞ்சின் ஏன் சூடாகிறது? ஓட்டுகிறவர் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டினால் சூடாகும். உயரமான வண்டி, குட்டையான ஆள், பயத்தில் விரல் கிளட்ச்சிலேயே கிடக்கும். முடிந்தது விஷயம். என் மூளை அன்றைக்கு ஓடிய வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொன்ன இடம் பட்டறை வாசல். சனிக்கிழமை, கூட்டம். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் சேவியர் சாரும் வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான மனுஷன்.

"சார், வண்டி தங்கமான வண்டி. டாக்டரம்மா கைதான் கிளட்ச்ச விடமாட்டேங்குது. எஞ்சின் என்ன பண்ணும், பாவம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல், "அப்புடியாண்ணே? நான் அப்புடி ஓட்டலையே" என்றார். "ஓட்டுறவுங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன். அன்றிலிருந்து பட்டறைப் பயல்களும் டீக்கடைக்காரர்களும் அவர் போன பிறகு அவரைக் கிளட்ச்சம்மா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒன்றிரண்டு தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

வண்டி வந்து எட்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் டாக்டரம்மா வந்து பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார். முகமே சரியில்லை.

"கன்னுக்குட்டி போச்சுண்ணே."

மலையடிவாரத்தில் ஒரு பசு ஈனமுடியாமல் கிடந்திருக்கிறது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. போன் வந்து இவர் கிளம்ப, வண்டி வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. இருபது நிமிஷம் தாமதம். பசுவைக் காப்பாற்றிவிட்டார், கன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

"இனிமே வேணாண்ணே. வண்டிய வித்துரலாம்னு அவுங்க சொல்றாங்க. நானும் சரின்னுட்டேன். ஊருக்குள்ள ஆபீஸ் வேலைக்கு மாத்திக் கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன். ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒருத்தர் ஞாயித்துக்கெழம வாங்க வாராரு. அவருக்காவது நல்லபடியாக் குடுக்கணும். கடைசியா ஒருதடவ பாத்துருங்க."

சினை மாட்டுக்குக் கை விட்டுக் கன்று எடுக்கிற டாக்டர் இனி ஃபைலைப் புரட்டப் போகிறார். அதற்குக் காரணம் ஒரு வண்டி. எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள், நம்மால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டோம், ஓட்டத் தெரியாதவருக்கு நாம் என்ன செய்ய முடியும் என்ற எண்ணமும் இருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்தது. வாட்டர் சர்வீஸ் செய்து, துடைத்து, பொட்டு வைத்து நிறுத்தினேன். மதியம் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். மருந்தகத்தில் கோமாரித் தடுப்பூசி முகாமாம், நகர முடியவில்லையாம். "நீங்களே இங்கன கொண்டாந்து குடுத்துர்றீங்களாண்ணே? சாயந்தரம் வீட்டுக்குக் கடைசியா ஒருதடவ ஓட்டிட்டு வந்துர்றேன்."

டேங்க்கை நிரப்பி மூடினேன், கிளம்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி என்னவோ வெண்ணெய்தான். டாப் கியர் விழுந்தபிறகு நான் கிளட்ச்சைத் தொடவே இல்லை. அதை யாருக்கோ நிரூபிக்கிற மாதிரி இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டே ஓட்டினேன். வடமதுரைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி ஒரு இருமல் இருமியது. இரண்டாவது இருமல். மூன்றாவதில் நின்றுவிட்டது.

ரோட்டோரம் இளநீர்க் கடை ஒன்று. கடைக்காரப் பெரியவர் அரிவாளும் கையுமாக என்னையே பார்த்தார். எஞ்சினுக்கு அருகில் கையைக் கொண்டுபோனேன். வழக்கமான சூடுதான், கூடுதலாக எதுவும் இல்லை. வண்டிக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் வியர்த்து ஊற்றியது. டேங்க்கில் கை ஊன்றியபோதுதான் பார்த்தேன். நாங்கள் கட்டிய டேங்க்கின் பக்கத்தகடு உள்ளே ஒடுங்கியிருந்தது. சாப்பிடாதவன் வயிறு மாதிரி.

மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. தகடு டொங் என்று வெளியே வந்தது.

"என்ன அப்பு, டேங்கி ஏப்பம் விடுது?" என்றார் இளநீர்க்காரர்.

"ஏப்பம் இல்லண்ணே" என்றேன். "மூச்சு விடுது."

தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களுக்கு இது புரியும். டேங்க்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இந்த மூடிக்கு அந்த ஓட்டையை நானேதான் போட்டேன், ஊசிமுனை அளவுக்கு, நட்டநடுவே. அந்த நட்டநடுவில்தான் எட்டு மாதமாக, ஒவ்வொரு தடவையும், பக்தி சிரத்தையாகக் கட்டிச் சந்தனத்தை அப்பி அனுப்பியிருக்கிறேன். அது காய்ந்து ஓட்டையில் சிமெண்டு மாதிரி உட்கார்ந்துவிடும். காற்று போகாது. பெட்ரோல் இறங்காது. வண்டி நிற்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே இருக்காது, அதனால் சீக்கிரம் நிற்கும். மழை பெய்தால் பொட்டு கரைந்துவிடும், வண்டி ஓடும். ஓடுகிற வண்டியை நான் கூப்பிட்டுத் தண்ணீரடித்துக் கழுவி, தாடிக்கொம்பு வரை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று சந்தோஷப்பட்டு, மறுபடி புதுப் பொட்டு வைப்பேன். டாக்டரம்மா முதல் மாதமே பாதி விடையைச் சொல்லிவிட்டார். மூடியை அவர் துடைத்துக் கொஞ்சம் தேய்த்திருந்தால்கூடப் போதும். அவரோ வண்டியைத் துடைக்கும்போதெல்லாம், அண்ணன் வைத்தது என்று பொட்டை மட்டும் விட்டுச் சுற்றிலும் துடைத்திருக்கிறார்.

பொட்டைக் கைக்குட்டையால் வழித்தேன். இளநீர்க்காரரிடம் ஒரு குண்டூசி வாங்கி ஓட்டையைக் குத்திவிட்டேன். கிளப்பினேன். அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை.

இப்போது கவனியுங்கள். வேலை தெரிந்தவன் செய்த மடத்தனம் இதுவரை சொன்னது. இனிமேல் சொல்லப்போவது அதைவிடக் கேவலம்.

மருந்தகத்து வாசலில் மாடுகள் வரிசையாக நின்றன. டாக்டரம்மா ஊசியும் கையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆவலாக, "வழியில நின்னுச்சாண்ணே?" என்று கேட்டார். சுற்றிலும் மாட்டைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது சம்சாரிகள், எல்லாரும் வண்டியையே பார்த்தார்கள். என் வாயில் வந்தது இது:

"இல்லம்மா. ராசாவாட்டம் வந்துச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். "அப்ப என் கைதான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மாட்டின் திமிலில் தட்டிக்கொடுத்து ஊசி போடத் திரும்பினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். கோளாறு சரியாகிவிட்டது; வாங்குகிறவருக்கு நல்ல வண்டி போகிறது; இனி யார் எப்படி நினைத்தால் என்ன? ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பொட்டுக்காக ஊர் சிரிக்க வேண்டுமா? சமாதானம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வீட்டில் லட்சுமியிடம் சொன்னேன். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, நான் அரைச்ச சந்தனம் அம்புட்டுத் தரமா? எஞ்சினையே நிப்பாட்டுதா?" பிறகு நான் டாக்டரம்மாவிடம் சொன்ன பதிலைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அந்தப் புள்ளைக்கு வேலையே போகப் போகுது, நீங்க இங்க வந்து காப்பி குடிக்கிறீங்க."

"வேலை போகல. ஆபீசுக்கு மாறுறாங்க."

"அதுக்குப் பேரு என்னவாம்?" என்று கேட்டுவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காப்பி பாதிதான் குடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா வீட்டார் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்றது. ஒட்டன்சத்திரத்துக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர் சார் சாவியைக் கையில் வைத்திருந்தார். டாக்டரம்மா படியில் நின்றார். பூசைக்குக் கட்டிய சேலைகூட மாற்றவில்லை.

"வாங்க, மெக்கானிக்கே வந்துட்டாரு" என்றார் சார். "நீங்களே இவருக்குச் சொல்லிருங்க."

"சொல்லத்தான் சார் வந்தேன். வண்டிய விக்காதீங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, ஓட்டை, பொட்டு, இளநீர்க் கடை. கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன். "நேத்து நின்னுச்சான்னு கேட்டீங்க, டாக்டரம்மா. இல்லன்னு பொய் சொல்லிட்டேன். நின்னுச்சு. என் கையிலயும், அதே எடத்துலதான் நின்னுச்சு."

ஒட்டன்சத்திரத்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க, ஒரு பொட்டு வெச்சா வண்டி நின்னு போகுங்களா?"

"வச்சுக் காட்டட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க. நீங்க வெச்சது வரைக்கும் போதும்" என்று கும்பிட்டார். சேவியர் சார் சிரிக்கவில்லை. வாத்தியார் அல்லவா, இரண்டு பக்கமும் பார்த்தார். "சரிங்க, பொட்டும் ஒரு காரணம்னு வச்சுக்குவோம். கிளட்ச் விஷயமும் இருக்கலாம்ல? நீங்கதான அன்னைக்கு அடிச்சுச் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். இவுங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல. பாக்காமயே சொன்னேன்."

அதைச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் ஓட்டுவதை நான் பார்க்கவில்லை. வந்தால் சாவியை வாங்குவேன், போகும்போது சாவியைக் கொடுப்பேன்.

டாக்டரம்மா படியிலிருந்து இறங்கி, கணவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறினார். "அண்ணே, ஏறுங்க."

"எங்கம்மா?"

"பின்னாடி."

சார் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நைட்ரஜன் ஜாடிக்கு நான் அடித்த கூண்டில் முதுகை முட்டுக்கொடுத்து, மிச்சமிருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் முட்டிக்கு அந்த உயரம் ஏற, சாரும் ஒட்டன்சத்திரத்துக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட வேண்டியிருந்தது. திருச்சி ரோட்டில் என் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிறாக இருந்தாலும் டீக்கடை திறந்திருந்தது. கிளட்ச்சம்மா பின்னால் மெக்கானிக் உட்கார்ந்து போகிறதைப் பார்த்து, "ஏலே, அங்க பாரு!" என்று ஒருவன் கத்தினான். நான் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

வடமதுரை வந்தது, போனது. இளநீர்க்காரர் எங்களைப் பார்த்து அரிவாளை உயர்த்தினார். மலையடிவாரத்துக்குத் திரும்பினோம். தார் முடிந்து செம்மண், செம்மண் முடிந்து கல். பிறகு ஓடை. கணுக்கால் தண்ணீர்தான், ஆனால் அடியில் தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், பாசி வேறு. டாக்டரம்மா கரையில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, வண்டி நின்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல" என்றார், திரும்பாமலே. "மொதல்ல எல்லாம் இந்த ஓடைய நான் ஓட்டிக்கிட்டேதான் தாண்டுவேன். நீங்க அப்புடிச் சொன்னப்பறம் ஓட்டல. நமக்குத்தான் ஓட்டத் தெரியலபோலன்னு நானே நம்பிட்டேன். தெனமும் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

அந்த எடையை, அந்தக் கல்லில், ஐந்தடி உயரத்துக்காரர், இத்தனை மாதம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தேன்.

"எறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன். ஓட்டுங்க."

இறக்கினார். அப்போதுதான் அவர் இடது கையைப் பார்த்தேன். கிளட்ச்சைப் பாதி பிடித்தார், விட்டார், பிடித்தார். கல்லுக்குக் கல் அளந்து அளந்து விட்டார். அங்கே அப்படித்தான் பிடிக்க வேண்டும், தம்பிகளா. நான் ஓட்டியிருந்தால், நேற்று தொடையில் கை வைத்துக்கொண்டு வந்த அந்தத் திமிரில், இரண்டாவது கல்லிலேயே இரண்டு பேரும் தண்ணீரில் கிடந்திருப்போம். முப்பத்து நான்கு வருஷம் வண்டி வேலை பார்த்த எனக்கு அந்த மாதிரி ஓடையைத் தாண்டத் தெரியாது. ஒரு கால்கூட ஊன்றாமல் அக்கரையில் ஏறினார்.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. முதல் நாள் பட்டறையில் பார்த்த பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"நான் சொன்னது தப்பு, டாக்டரம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? அன்னைக்குப் பட்டறை வாசல்ல, அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீங்க. இதையும் அதே மாதிரி சொல்லுங்க."

"எங்க வேணாலும் சொல்றேன்."

"சொல்லிக்கிட்டே இருக்கணும்."

ஒட்டன்சத்திரத்துக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். ஆபீஸ் வேலைக்கு எழுதவிருந்த கடிதம் எழுதப்படவே இல்லை. மறுநாள் காலை பட்டறை வாசலில் நின்று சொன்னேன், பிறகு டீக்கடையில் சொன்னேன், பழனி ரோட்டுப் பட்டறைகளில் சொன்னேன், நிலக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியில் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இன்றைக்கு உங்களிடமும் சொல்லியாகிவிட்டது. ஜெயராணி டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.